இடது பக்கம் திரும்பவும்

புதிர்க்காரரின் மனைவி கிடங்குச் சுவருக்குள் நடந்து போனது ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில். அன்று வானம் தெளிவாக இருந்தது, வெங்காய விலை இறங்கியிருந்தது, பழைய நகரத்தில் குறிப்பிட்டுச் சொல்லும்படி வேறொன்றும் நடக்கவில்லை. பார்த்தவர் குடை ரிப்பேர் கடைக்காரர் ஒருவர்தான். போனைக் கையில் பிடித்தபடி வந்த அந்த அம்மாள், கடையைத் தாண்டியதும் திரையை ஒருமுறை பார்த்தார், இடது பக்கம் திரும்பினார், போய்விட்டார். இடது பக்கத்தில் தெருவே கிடையாது, பழைய தானியக் கிடங்கின் பின்சுவர்தான் என்பது கடைக்காரருக்கு நினைவு வருவதற்குள் அவர் கையிலிருந்த குடைக்குக் கம்பி மாட்டி முடித்துவிட்டார். பிறகு விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டரிடமும் இதையே சொன்னார். இன்ஸ்பெக்டர் சுவரை மேலும் கீழும் தட்டிப் பார்த்துவிட்டு, சுவர் நல்ல உறுதியாக இருப்பதாக எழுதிக்கொண்டு போனார்.

அந்தச் சுவரில் வழி உண்டாக்கியவர் புதிர்க்காரரேதான், அதுவும் நாற்காலியை விட்டு எழாமல். பல வருஷம் ஒரு செய்தித்தாளுக்குக் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர் அவர். செய்தித்தாள் குறுக்கெழுத்தைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் மெத்தை விளம்பரம் போட ஆரம்பித்த மாதத்தில் ஒரு கம்பெனி அவரைத் தேடி வந்தது. பழைய நகரத்தை நடந்து பார்க்கவைக்கும் விளையாட்டு ஒன்றைப் போனுக்காகச் செய்கிறார்களாம். போன் ஒரு புதிர் போடும். ஆடுகிறவர் அது சொல்லும் வழியில் போய், வளைவையோ படிக்கட்டையோ கல்வெட்டையோ கண்டுபிடித்து விடையைத் தட்டினால் அடுத்த புதிர் வரும். கடைசிப் புதிர் மணிக்கூண்டில் கொண்டுபோய் விடும். முடியாதவர்களுக்குத் திரையின் அடியில் ‘தவிர்’ என்று ஒரு பொத்தான். இதற்கு நகரத்தை நன்றாகத் தெரிந்த ஆள் வேண்டியிருந்தது. புதிர்க்காரருக்கு நகரம் நன்றாகத் தெரியும் என்று புதிர்க்காரரே சொன்னார். ஊரையே நடக்கவைக்கப் போகிறவர் வாசலில் கிடக்கும் பால் பாக்கெட்டை எடுக்கவும் மனைவியைக் கூப்பிடுகிற ஆள் என்பதைக் கம்பெனியிடம் யாரும் சொல்லவில்லை.

ஆகவே வேலை இரண்டாகப் பிரிந்தது. அவர் உட்கார்ந்து எழுதுவார். அவள் நடந்து சரிபார்ப்பாள். விடை தெரிந்தவனுக்கு எல்லாப் புதிரும் சுலபம், தெரியாத ஒருத்தி நடந்து பார்த்தால்தான் புதிர் நிற்குமா விழுமா என்று தெரியும் என்பது அவர் வாதம். வாதம் சரிதான், நடக்காமல் இருப்பதற்கும் தோதாக இருந்தது. அவள் ஒரு பள்ளிக்கூட ஆய்வகத்தில் குடுவைகளைக் கழுவி, அமிலங்களை அளந்து ஊற்றி, அடுக்கிவைத்து ஓய்வு பெற்றவள். சொன்ன அளவுக்கு ஒரு சொட்டு கூடவும் கூடாது, குறையவும் கூடாது. புதிர் சொன்னபடி போவாள், விடை கிடைக்காமல் திரும்பமாட்டாள், ‘தவிர்’ பொத்தானை ஒருநாளும் தொட்டதில்லை. வழியில் சந்தேகம் வந்தால் போன் செய்வாள். ஆனால் அவர் விடையைச் சொல்லிவிடக் கூடாது, ‘ம்’ மட்டும் கொட்டலாம் என்பது இருவருக்கும் இடையே இருந்த ஒப்பந்தம். அந்த ‘ம்’களில் எது வழி சரி என்கிற ‘ம்’, எது காப்பி ஆறிவிட்டது என்கிற ‘ம்’ என்று தனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியும் என்று அவள் பெருமையடித்துக்கொள்வாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமையின் புதிர் இது: குடை ரிப்பேர் கடையைத் தாண்டியதும் இடது பக்கம் திரும்பவும், அந்தத் தெருவில் ஒரு வாசல் நிலைக்கு மேலே கல்லில் செதுக்கிய பறவைகள் உண்டு, அவற்றில் வாலில்லாதது எது? பறவைகள் இருப்பது உண்மை. கடைக்கு வலது பக்கத்துத் தெருவில் இன்றைக்கும் இருக்கின்றன. ஆனால் புதிர்க்காரர் கண்ணை மூடி நினைத்துப் பார்த்தது, அந்தக் காலத்தில் செய்தித்தாள் அலுவலகம் விட்டு வீட்டுக்கு வரும் திசையில். விளையாட்டோ எதிர்த்திசையிலிருந்து வருகிறது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்திருந்தால்கூட எந்தப் பக்கம் எது என்று தெரிந்திருக்கும். ஜன்னல் நாற்காலிக்குப் பின்னால் இருந்தது.

சுவருக்குள் போனதும் அவள் போன் செய்தாள்.

“ஏங்க, திரும்பிட்டேன். எவ்வளவு அழகா இருக்கு தெரியுமா? இப்படி ஒரு தெரு இருக்கிறதை இத்தனை வருஷமா என்கிட்ட சொல்லவே இல்லையே நீங்க?”

“ம்,” என்றார் அவர். தொலைக்காட்சியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

“பறவையைத்தான் காணோம். கண்டுபிடிக்காம வரமாட்டேன். நேரமாச்சுன்னா நீங்க சாப்பிட்டுடுங்க.”

அவர் சாப்பிட்டார். கணவனும் மனைவியும் நேரடியாகப் பேசிக்கொண்ட கடைசிப் பேச்சு இதுதான். அதில் அவருடைய பங்கு ஓரெழுத்து.

வெளியூரில் பல் மருத்துவராக இருந்த மகள் வந்தாள், போலீஸ் வந்தது, ஆஸ்பத்திரிகளில் தேடினார்கள். அவளுடைய போன் மணி அடித்துக்கொண்டே இருந்து ஒருநாள் அடங்கியது. புதிர்க்காரர் சுவருக்கு முன்னால் போய் நின்றார். செங்கல்லும் சுண்ணாம்பும் பாசியுமாக அது இருந்தது. கையை வைத்துப் பார்த்தார். சுவர் சுவராகவே இருந்தது. இதற்கிடையில் கம்பெனி விளையாட்டை வெளியிட்டுவிட்டது. ‘இடது’ என்பதைத் திருத்த வேண்டும் என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை. கையும் ஓடாமல் காலும் ஓடாமல் கிடந்த மனிதர், வீட்டில் இருக்க முடியாமல் மணிக்கூண்டுக்குக் கீழே இருக்கும் பெஞ்சில் போய் உட்கார ஆரம்பித்தார். விளையாட்டு முடிகிற இடம் அதுதான். ஒரு மத்தியானம் வெளியூர்க் கல்லூரிப் பெண்கள் இருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் காலைத் தேய்த்துக்கொண்டார்கள்.

“அந்தப் பறவைத் தெருவுல பறவையே இல்லடி. நான் தவிர் போட்டுட்டேன்.”

“நானும்தான். அந்த ஆன்ட்டிதான் பாவம், இன்னும் தேடிட்டே இருக்காங்க. ஸ்கிப் பண்ணிட்டு வாங்க ஆன்ட்டின்னு சொன்னேன். அதுக்கு அவங்க, என் வீட்டுக்காரர் எழுதினதும்மா, அவர் இருக்குன்னு எழுதியிருந்தா இருக்கும்ங்கறாங்க.”

புதிர்க்காரர் ஓடினார். முழங்கால் வலிக்காரர் கடைத்தெரு நடுவில் ஓடியதை ஊர் அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தது. ஓடிப்போய் இடது பக்கம் திரும்பி நெற்றியில் புடைப்பு வாங்கிக்கொண்டு வந்தார். மகள் அந்தப் பெண்களைத் தேடிப் பிடித்து, தெருவில் எடுத்த படங்களைக் காட்டச் சொன்னாள். அவர்கள் ஒவ்வொரு படமாகத் தள்ளிக் காட்டினார்கள்: இதோ தெரு, இதோ விளக்குக்கம்பம், இதோ அந்த ஆன்ட்டி கையை ஆட்டுகிறார். மகளின் கண்ணுக்கு எல்லாப் படத்திலும் செங்கல்தான் தெரிந்தது. “அம்மா எந்தப் பக்கம் நிக்கறாங்க?” என்று கேட்டாள். அவர்கள் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் அவளும் விரலை வைத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றாள்.

தெருவின் சுபாவம் ஊருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. அங்கே சுவர் இருப்பது தெரிந்தவர்களுக்குச் சுவர், தெரியாதவர்களுக்குத் தெரு. ஆகையால், அந்தச் சுவரைக் கவனித்தே இராத அவளைத் தவிர, உள்ளூர்க்காரர் ஒருவரும் போக முடியாது, வெளியூர்க்காரர் எல்லோரும் போகலாம், போய்விட்டுப் பறவை கிடைக்காமல் ‘தவிர்’ பொத்தானைத் தட்டியதும் வெளியே வந்துவிடலாம். அங்கே பசிப்பதில்லை, வெயில் உறைப்பதில்லை, ஆனால் நாளாகிறது. உள்ளே எதையும் கொடுத்தனுப்பவும் முடியவில்லை. விவரம் எதுவும் சொல்லாமல் ஒரு வெளியூர்க்காரரிடம் அவளுடைய கம்பளியைக் கொடுத்து, வழியில் ஓர் அம்மா இருந்தால் கொடுத்துவிடுங்கள் என்றார் புதிர்க்காரர். மனிதர் திருப்பத்தைத் தாண்டியதும் கம்பளி நடைபாதையில் கிடந்தது. வலது பக்கத் தெருவில் பார்க்கச் சொல்லுங்கள் என்று இன்னொருவரிடம் சொல்லி அனுப்பினார், அவர் வெளியே வந்து, “ஏதோ சொல்லச் சொன்னீங்களே சார், என்ன அது?” என்று தலையைச் சொறிந்தார். உண்மையான பொருளோ உண்மையான சொல்லோ அந்தத் திருப்பத்தைத் தாண்டுவதில்லை. அவள் பேச்சு மட்டும் தங்குதடையில்லாமல் வெளியே வந்தது. மாத்திரை போடுகிறாரா என்று கேட்டாள். மாடித் தொட்டியில் தண்ணீர் வழிந்தால் மோட்டாரை நிறுத்த வேண்டும் என்று தெரியுமா என்று கேட்டாள். மகளிடம், அழுதது போதும், வேலைக்குப் போ என்றாள். இவையெல்லாம் யாருக்கான சேதி என்றே தெரியாமல் மணிக்கூண்டு பெஞ்சில் சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார்கள் ஆடுகிறவர்கள். செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்தபடி, முன்பின் தெரியாதவர் போல, புதிர்க்காரர் கேட்டுக்கொண்டிருந்தார்.

கம்பெனியின் மேலாளர் ஒருநாள் வந்தார். இளைஞர், தன்மையானவர். உள்ளூர் ஆட்கள் சுவரில் முட்டிக்கொண்டு நிற்பதாகப் புகார் மேல் புகார் வருகிறது, ‘இடது’ என்பதை ‘வலது’ என்று மாற்றிவிடலாமா என்றார். மாற்றினால் இடது பக்கம் திரும்ப ஆளே இருக்காது. அவள் தன்னந்தனியே நிற்பாள், அவளுடைய சேதியும் நின்றுபோகும். புதிர்க்காரர் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். சொல்லும்போது நடுவில் இரண்டு தடவை எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். மேலாளர் நம்பினாரா இல்லையா என்று தெரியாது. போகும் வழியில் சுவரைத் தொட்டுப் பார்த்தார். மறுநாள் விளையாட்டின் குறைபாட்டுப் பட்டியலில் அந்த வரிக்கு எதிரே ‘தெரிந்த பிழை, திருத்தம் தேவையில்லை’ என்று போட்டிருந்தது.

வயிறு இருக்கிறதே. கம்பெனி விளையாட்டின் அடுத்த பாகத்தைக் கேட்டது, அவரும் நாற்காலியில் உட்கார்ந்து முன்போலவே எழுதிக் கொடுத்தார். மருந்துக்கடை வாசலில் ஒரு கல் பெஞ்சு இருப்பதாக எழுதினார். அதை மாநகராட்சி எப்போதோ பெயர்த்துக்கொண்டு போயிருந்தது. கொஞ்ச நாளில் வெளியூர்க்காரர்கள், அந்த ஆன்ட்டி கல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார் என்றார்கள். நீதிமன்ற மூலையில் வேப்பமரம் என்று எழுதினார். அது புயலில் போன மரம். அவளுக்கு நிழல் கிடைத்தது. போட்டோ ஸ்டுடியோவை எழுதினார். ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. ஆனால் தெருவுக்குள் செத்துப்போன போட்டோக்காரர் கடையைத் திறந்து தூசி தட்டிக்கொண்டிருந்தார், கட்டணம் பழைய கட்டணமே. விஷயம் புதிர்க்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் சரியாக எழுதுவதெல்லாம் ஊரில் இருந்தது. தப்பாக எழுதுவதெல்லாம் அவளிடம் போயிற்று. நாற்பது வருஷம் அவளுக்கென்று ஒரு பொருளும் பார்த்து வாங்கிக் கொடுக்காத மனிதர் தெருத்தெருவாக அனுப்பியிருக்கிறார், அதுவும் தெரியாமலே.

சரியான வழியொன்று எழுதினால் அதைப் பிடித்துக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்துவிடுவாள் என்றுதான் நீலக் கதவுப் புதிரை எழுதினார். விடை அவர்கள் வீடு. நீலக் கதவு, உள்ளே நுழைந்ததும் நாற்காலி, எதிரே தொலைக்காட்சி, பக்கத்தில் சாப்பாட்டு மேஜை. சேதி விரைவிலேயே வந்தது: அந்தத் தெருவில் நீலக் கதவு போட்ட வீடு ஒன்று முளைத்திருக்கிறது, ஆன்ட்டி அதில் குடியேறிவிட்டார். உள்ளே ஒரு நாற்காலி, ஒரு தொலைக்காட்சி, ஒரு மேஜை, அவ்வளவுதான். சமையலறையைப் பற்றி அவர் எழுதவில்லை, ஆகையால் அந்த வீட்டில் சமையலறை இல்லை. அவள் படுக்கிற இடத்தை எழுதவில்லை, அதுவும் இல்லை. விடுமுறைக்கு வந்திருந்த மகளிடம் புதிர்க்காரர், நம்ம கதவு நீலம்தானே, அது ஏன் தப்பாகப் போயிற்று என்று கேட்டார்.

“அம்மா அதுக்குப் பச்சை அடிச்சு எத்தனையோ வருஷமாச்சுப்பா. பெயின்ட் நாத்தம்னு நீங்கதான் ரெண்டு நாள் இருமினீங்க.”

அவர் எழுந்து போய்ப் பார்த்தார். பச்சைதான். கைப்பிடி பக்கத்தில் வர்ணம் தேய்ந்து, பழையதாகக்கூட ஆகிவிட்டிருந்தது.

அன்றிலிருந்து புதிர்க்காரர் நடக்க ஆரம்பித்தார். முழங்காலுக்குப் பட்டை கட்டிக்கொண்டு, கையில் குடையோடு, பழைய நகரத்தின் சந்துபொந்தெல்லாம் நுழைந்தார். எந்தப் படி உடைந்திருக்கிறது, எந்த ஜன்னலுக்கு ஒரு கதவு மட்டும் புதியது, எந்த வளைவின் கீழே நின்றால் குரல் திரும்பி வருகிறது என்று கண்ணும் கருத்துமாகப் பார்த்தார். வீட்டுக்கு வந்து வீட்டையும் பார்த்தார். இரண்டு தடவை அழுத்தினால்தான் எரியும் சுவிட்சைப் பார்த்தார். குழாய்க்கு அடியில் அவள் நின்று நின்று தரை பளபளத்துக் கிடந்த இடத்தைப் பார்த்தார், தன்னுடைய காலை அதில் வைத்துப் பார்த்தார், காலை எடுத்துக்கொண்டார். உப்பும் சர்க்கரையும் ஆய்வகக் குடுவைகளில் இருந்தன. ஒவ்வொன்றின் கழுத்திலும் அவள் கையெழுத்தில் சீட்டு ஒட்டியிருந்தது. இத்தனை வருஷம் உப்பு எங்கே என்று உள்ளே பார்த்துக் கத்தியவர் அவர்தான். மூன்றாம் பாகத்தை அவர் எழுதிக் கொடுத்தபோது கம்பெனியில் அசந்துபோனார்கள். ஒரு பிழை இல்லை. ஆடுகிறவர்கள், கல்லில் இருக்கும் கீறல்கூட எழுதினபடியே இருக்கிறது என்று மெச்சினார்கள். விருதுகூட ஒன்று வந்தது. அதை எங்கே வைத்தார் என்று யாருக்கும் தெரியாது.

ஏனென்றால் தெருவுக்குள் எதுவும் போகவில்லை. பிழை இல்லாத மனிதரிடம் அனுப்ப ஒன்றும் இல்லாமல் போயிற்று. மரம் வளரவில்லை, கடை திறக்கவில்லை. நாளாக ஆக, தெருவைப் பற்றி நான்கு பேர் நான்கு இடத்தில் எழுதிவைத்ததால் விவரம் தெரியாத வெளியூர்க்காரர்களும் குறைந்தார்கள். வாரம் ஒருவர், இருவர் என்று ஆயிற்று. அப்படி வந்த ஒரு நடுவயதுப் பெண், மணிக்கூண்டு பெஞ்சில் உட்கார்ந்து கைக்குழந்தைக்குப் பாட்டிலில் பால் கொடுத்துக்கொண்டே, பக்கத்திலிருந்த பெரியவரிடம் தானாகவே பேச்சுக் கொடுத்தாள்.

“ஒரு தெருவுல ஒரு அம்மாவைப் பார்த்தேன் சார். மனசே சரியில்ல. முடியெல்லாம் நரைச்சுப் போச்சு. வீட்டுக்காரர் முன்னெல்லாம் ஏதாவது அனுப்பிட்டே இருப்பாராம். பெஞ்சு, மரம், அப்படின்னு என்னென்னமோ சொல்றாங்க, எனக்குப் புரியல. இப்ப ஒண்ணுமே வர்றதில்லையாம். மறந்துட்டார் போல, பரவாயில்ல, வயசாகுதில்லன்னு அவங்களே சொல்லிச் சிரிக்கிறாங்க.”

“வேற ஏதாவது சொன்னாங்களாம்மா?” என்றார் புதிர்க்காரர்.

“அவர் எழுதின பறவை மட்டும் எங்கயோ இருக்கும், அதைப் பார்க்காம விடமாட்டேன்னாங்க.”

அவர் குழந்தையின் குல்லாயைச் சரிசெய்துவிட்டு வீட்டுக்குப் போனார். அந்த மாதம் முழுக்க வேண்டுமென்றே தப்புத்தப்பாக எழுதினார். தெருவில் பறவைகள் உண்டு என்று எழுதினார், நீரூற்று உண்டு என்று எழுதினார், மெத்தைக் கட்டில் உண்டு என்று எழுதினார். ஒன்றும் போய்ச் சேரவில்லை. கம்பெனிக்குப் புகார்தான் போய்ச் சேர்ந்தது. பொய்க்கும் பிழைக்கும் உள்ள வித்தியாசம் தெருவுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தே பிழை செய்வது எப்படி என்று ஆனமட்டும் யோசித்தார். கண்ணைக் கட்டிக்கொண்டு எழுதினார், தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு எழுதினார். தப்பாக எழுதுவதற்காக இவ்வளவு பாடுபட்ட ஆசிரியர் வேறு எவரும் இருக்க முடியாது. கடைசியில் அலுத்துப்போய், எதையும் யோசிக்காமல், தன் வீட்டையே மறுபடி எழுதினார். இம்முறை உள்ளது உள்ளபடி. பச்சைக் கதவு, கைப்பிடி பக்கத்தில் தேய்ந்த வர்ணம், இரண்டு தடவை அழுத்த வேண்டிய சுவிட்சு, ஒரு கால் ஆடுவதால் அட்டை மடித்து வைத்த அவளுடைய முக்காலி, எட்டிப் பறிக்க வேண்டாதபடி அவள் கை உயரத்துக்கு அடித்த அலமாரி, சீட்டு ஒட்டிய குடுவைகள், தரையில் அந்தப் பளபளப்பு. கடைசி வரியாக இதை எழுதினார்: கதவைத் தட்டவும், வீட்டுக்காரி வந்து திறப்பாள். இதைப் பொய்யென்று நினைத்து அவர் எழுதவில்லை. அதற்குள் வந்துவிடுவாள் என்றுதான் நினைத்தார். அப்படி நினைக்காத நாளே அவருக்கு இருந்ததில்லை.

அவள் வரவில்லை. வராததால் அது பிழையாயிற்று. அவள் கதவைத் திறக்கிற பச்சைக் கதவு வீடு என்று ஒன்று இந்த ஊரில் எங்குமே இல்லாததால், அந்த வீடு முழுசாகத் திருப்பத்தைத் தாண்டிப் போய், நீலக் கதவு வீடு நின்ற இடத்தில் உட்கார்ந்தது. அலமாரியும் குடுவையும் முக்காலியும் ஒரே ஒரு பிழையின் முதுகில் ஏறிக்கொண்டு போய்ச் சேர்ந்தன. சேதி கொண்டுவந்தவர்கள் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி. அந்தம்மா பச்சைக் கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தாராம். வீட்டைச் சுற்றிக் காட்டினாராம். ஒவ்வொரு குடுவையாக எடுத்துத் துடைத்து வைத்தாராம். சுவிட்சை இரண்டு தடவை அழுத்தி விளக்கைப் போட்டார், அணைத்தார், மறுபடி போட்டார், சிரித்தார், பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார் என்றாள் அந்தப் பெண்.

“ஏன் அழறீங்கன்னு கேட்டேன் அங்கிள். ஒண்ணும் தெரியாத மாதிரியே உட்கார்ந்திருப்பாரும்மா, இத்தனையும் பார்த்துட்டுத்தான் இருந்திருக்கார் மனுஷன், எனக்குத்தான் தெரியலன்னாங்க.”

புதிர்க்காரர் வாயைத் திறந்தார். அவள் இருந்தவரை ஒன்றையும் பார்க்கவில்லை, அவள் போனபிறகுதான் பார்த்தேன் என்பதுதான் உண்மை. சொல்லியிருந்தாலும் அந்த உண்மை உள்ளே போயிருக்காது. “அப்படியா சொன்னாங்க,” என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அந்தப் பிழையை அவர் திருத்தவில்லை.

இதில் ஒரு சிக்கல் இருந்தது, அது ஒரு மழைக்காலத்தில் தெரியவந்தது. புதிர்க்காரர் காய்ச்சலில் படுத்தார். மகள் வந்து பக்கத்தில் இருந்து கஞ்சி ஊற்றினாள். காய்ச்சலின் ஏதோ ஒரு மத்தியானத்தில் அவர், இனி அவள் வரமாட்டாள் என்று நினைத்தார். நினைத்ததும் உடம்பு லேசாகி நன்றாகத் தூங்கிவிட்டார். மறுநாள் மணிக்கூண்டுப் பக்கம் போய்வந்த மகள் முகத்தில் ஈயாடவில்லை. உள்ளே மழை பெய்ததாம், அந்த வீட்டைக் காணோமாம், நரைத்த தலையோடு ஓர் அம்மா வேப்பமரத்தடியில் கல் பெஞ்சில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாராம். பெஞ்சும் மரமும் நடந்து முடிந்த பிழைகள், அவை அப்படியே இருந்தன; அவள் வருவாள் என்று அவர் நம்பி எழுதியதோ நம்பிக்கை போனதும் வெறும் பொய்யாகிவிட்டது. பொய்க்குத்தான் அந்தத் தெருவில் இடமில்லையே. புதிர்க்காரர் போர்வையை உதறிவிட்டு எழுந்தார். கண்ணாடி முன் நின்று முகச்சவரம் செய்துகொண்டார். இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து மாட்டினார். வாசலைப் பார்த்து உட்கார்ந்து, இன்றைக்கு வந்துவிடுவாள் என்று நினைத்தார். நினைப்பு வராமல் நழுவியது; மறுபடி பிடித்து உட்காரவைத்தார். சாயங்காலத்துக்குள் அது தானாகவே நிலைத்தது. வீடு திரும்பி வந்துவிட்டதாகவும் குடுவைகள் ஒன்றும் உடையவில்லை என்றும் அந்த வாரக் கடைசியில் சேதி வந்தது.

அவள் உண்மையிலேயே வந்து கதவைத் திறந்துவிட்டால் புதிர் சரியாகிவிடும், அங்கே அந்த வீடு தேவையிருக்காது. வராதவரை வீடு இருக்கும். இரண்டையும் சேர்த்து யோசிப்பதைப் புதிர்க்காரர் விட்டுவிட்டார். விளையாட்டு இரண்டு கம்பெனிகள் கைமாறிவிட்டது. புதிதாக வாங்கியவர்களும் ‘தெரிந்த பிழை’ வரிகளைத் தொடுவதில்லை. கிடங்குச் சுவரில் விளம்பரம் ஒட்டக் கூடாது, வண்டி நிறுத்தக் கூடாது, போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று மாநகராட்சி பலகை வைத்திருக்கிறது. குடை ரிப்பேர் கடைக்காரர், உள்ளே மழை என்று கேள்விப்படுகிற நாளில், போகிறவர்களுக்குக் குடை வேண்டியிருக்குமே என்று, கடையைக் கொஞ்சம் சீக்கிரம் திறக்கிறார். மகள் மாதம் ஒருமுறை வந்து, சுவரில் விரல் வைத்து நின்றுவிட்டுப் போகிறாள்.

விவரம் தெரிந்து சுவரில் முட்டி, மற்றப் புதிர்களையெல்லாம் முடித்துக்கொண்டு, நிஜமான பச்சைக் கதவைத் தேடி வருகிறவர்களும் உண்டு. புதிரில் இருக்கிறபடி அவர்கள் தட்டுகிறார்கள். வீட்டுக்காரி இல்லையா என்று கேட்கிறவர்களிடம், “வெளியில போயிருக்கா, வர்ற நேரம்தான், உட்காருங்க,” என்கிறார் புதிர்க்காரர். அவர்கள் தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறார்கள். அடுத்த தட்டல் கேட்டதும் அவர் எழுந்து, கதவுப் பக்கம் போவதற்கு முன்னால், ஒவ்வொரு தடவையும், கண்ணாடியைப் பார்த்துத் தலையைச் சீவிக்கொள்கிறார்.